எண் இறங்கினால் எங்கே தொட்டுப் பார்ப்பது? தமிழ் சேனல்களுக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

வியாழக்கிழமை பார்க் ரேட்டிங் வரும் நாள். எந்தச் சேனலை எவ்வளவு பார்த்தார்கள் என்று பார்க் அமைப்பு வாராவாரம் தரும் எண் அது; டிஆர்பி என்று சொல்வதும் இதைத்தான். எண் ஏறியிருந்தால் கேன்டீனில் கேசரி இருக்கும். இறங்கியிருந்தால் கான்ஃபரன்ஸ் அறைக் கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் கதவுக்குப் பின்னால் இத்தனை வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம்: "கதை ட்ராக்கை மாத்துங்க, வில்லியை உள்ள கொண்டு வாங்க." வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். சேனலில் மட்டும் நேராக எஞ்சினைப் பிரித்துவிடுகிறோம்.

டிவி, யூடியூப், செயலி மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்திருக்கும் பொழுதுபோக்குச் சேனல்களின் டிஜிட்டல் பிரிவில் வேலை பார்த்துச் சேர்த்த குறிப்பு இது. எந்த எண் எப்படி நடந்துகொண்டால் எங்கே கைவைக்க வேண்டும் என்பதுதான் விஷயம். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

தொடங்கும் முன்

மூன்று தாள்களை மேசையில் போடுங்கள். ஒன்று, கடைசி 13 வார பார்க் எண்கள், அரைமணி ஸ்லாட் வாரியாக. இரண்டு, சேனல் நடத்துபவர்களுக்கு யூடியூப் தரும் கணக்குப் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவின் கடைசி 90 நாள் அறிக்கை. ஷார்ட்ஸ் தனி, நீள வீடியோ தனி, நேரலை தனி. மூன்று, உங்கள் செயலியில் எந்த மணிக்கு எத்தனை பேர் பிளே அழுத்தினார்கள் என்ற பட்டியல். முதல் இரண்டும் எல்லா அலுவலகத்திலும் கிடைக்கும். மூன்றாவதைக் கேட்டால் "அது டெக் டீம்கிட்ட இருக்கும் சார்" என்பார்கள். போய் வாங்கி வாருங்கள். பாதி விடை அதில் இருக்கிறது.

அப்புறம், ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஸ்லாட்டையும் மாற்றி, கதாநாயகியையும் மாற்றி, தம்ப்நெயிலையும் மாற்றினால் எண் ஏறினாலும் எதனால் ஏறியது என்று தெரியாது. தெரியாவிட்டால் அடுத்த முறை அதைத் திரும்பச் செய்ய முடியாது.

அறிகுறி: ஒரே வாரத்தில் டிஆர்பி தொப்பென்று விழுந்தது

திடீரென்று விழுந்தால் கதை காரணமாக இருப்பது அபூர்வம். மூன்று வருஷம் பார்த்த சீரியலை ஊரே ஒன்றுகூடி அதே வாரத்தில் விட்டுவிடாது. கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

முதலில் அந்த ஸ்லாட்டில் எல்லாச் சேனல்களும் சேர்ந்து இறங்கியிருக்கின்றனவா? அப்படியானால் ஆட்களே டிவி முன்னால் இல்லை, அல்லது ஐபிஎல். கோடை இரவுகளில் என்ன நடக்கும் என்பது 2008 முதல் நமக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரலும் யாரோ ஒரு எழுத்தாளர் திட்டு வாங்குகிறார்.

உங்கள் சேனல் மட்டும் இறங்கியிருந்தால் வினியோகத்தைப் பாருங்கள். எந்த ஊர் கேபிளில் எல்சிஎன், அதாவது ரிமோட்டில் அழுத்தும் சேனல் நம்பர் மாறியது? சேனல்களைச் சேர்த்து விற்கும் எந்தப் பேக்கிலிருந்து உங்கள் சேனலை எடுத்தார்கள்? 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்ததிலிருந்து சேனலின் விலை ஒரு ரூபாய் அசைந்தாலும் பேக் குலையும். 2023 பிப்ரவரியில் புதிய விலைக்குக் கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்குச் சில பெரிய நெட்வொர்க்குகள் சிக்னலையே சில நாள் நிறுத்திவைத்தன. அந்த வாரம் திரைக்கதையைக் குறை சொல்லிப் பயன் இல்லை. போட்டிச் சேனல் எங்காவது லேண்டிங் பேஜ் வாங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். செட்டாப் பாக்ஸைப் போட்டவுடன் தானாக வந்து நிற்கும் சேனல் அது. ரிமோட்டைத் தேடும் நேரத்திலேயே அதற்குக் கொஞ்சம் எண் சேர்ந்துவிடும்.

அடுத்தது யாரும் பார்க்காத இடம்: எம்சிஆர், ஒளிபரப்பை வெளியே அனுப்பும் கட்டுப்பாட்டு அறை. சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு வாட்டர்மார்க் போகிறது. மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் இருக்கும் பார்க் மீட்டர் அதைக் கேட்டுத்தான் எந்தச் சேனல் ஓடுகிறது என்று அறிகிறது. பராமரிப்புக்காக ஒளிபரப்பைப் பேக்கப் வழியில் திருப்பி, அந்த வழியில் வாட்டர்மார்க் சேர்க்கும் கருவி இல்லாவிட்டால், பார்த்தவர்கள் பார்த்ததுபடி இருக்க, கணக்கில் மட்டும் ஓட்டை விழும். எம்சிஆர் லாக் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இவை எதுவும் இல்லையென்றால் ஒன்றும் செய்யாதீர்கள். 2025 கணக்கில் இந்தியா முழுமைக்கும் மீட்டர் இருந்தது ஏறத்தாழ 58 ஆயிரம் வீடுகளில். அதில் தமிழ்நாடு, அதில் உங்கள் ஸ்லாட் என்று சுருங்கும்போது ஒரு வாரத்து ஆட்டம் வெறும் ஆட்டமாகவே இருக்கலாம். நான்கு வாரச் சராசரி இறங்கினால் கூட்டம் போடுங்கள்.

அறிகுறி: டிஆர்பி மெல்லச் சரிகிறது, ஆனால் ஊர் அந்தச் சீரியலைத்தான் பேசுகிறது

இதுதான் இப்போது அதிகம் வரும் கேஸ். இதைத்தான் அதிகம் தவறாகவும் புரிந்துகொள்கிறோம்.

மன்னார்குடியில் என் அத்தை இருக்கிறார். எட்டு மணி சீரியல் ஒன்றை விடாமல் பார்ப்பவர். ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது எட்டு மணிக்கு ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது கிரிக்கெட்.

"என்னத்தை, சீரியல் பாக்கலையா?"

"அது காலைல பாத்துக்குவேன்டா. ராத்திரில ரிமோட்ட எனக்கா குடுக்குறானுவ?"

மறுநாள் காலை பத்தரை. உலையை வடித்தாயிற்று. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, சின்ன வெங்காயம் உரித்தபடி முந்தைய இரவு எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் ஒன்றரை மடங்கு. அதை மருமகள் சொல்லிக்கொடுத்தாளாம். டைட்டில் பாட்டு வந்ததும் புறங்கையால் திரையை இரண்டு தட்டு. பத்து நொடி தாவியது. வில்லியின் முகத்தை மூன்று கோணத்தில் மாற்றி மாற்றிக் காட்டும் இடத்திலும் இரண்டு தட்டு. இருபத்திரண்டு நிமிட எபிசோட் வெங்காயம் முடிவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு எதிர்வீட்டு அக்காவோடு அரைமணி நேரம் அதைப் பற்றியே பேச்சு.

மீட்டர் கணக்கில் அத்தை எங்களை விட்டுப் போய்விட்டார். உண்மையில் அவர் முன்னைவிடக் கவனமாகப் பார்க்கிறார். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் டிவி ஒன்றுதான். அந்த ஒன்றை இரவில் யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது குடும்ப அரசியல். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்தபோது, முதல்முறையாக வீட்டுப் பெண்களுக்கு யாரிடமும் கேட்காமல் பார்க்க ஒரு திரை கிடைத்தது. ரிமோட்டுக்கு நிற்கும் வரிசையை விட்டு வந்தவர்களை மறுபடி அந்த வரிசையில் நிறுத்த வில்லியால் ஆகாது.

உங்கள் கேஸும் இதுதானா என்று உறுதிசெய்ய மூன்றாவது தாளை எடுங்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு மேடும், இரவு பத்துக்கு மேல் இன்னொரு மேடும் தெரிந்தால் பார்வையாளர் இருக்கிறார், மணிதான் மாறியிருக்கிறது. அந்த மேடு இல்லாமல் டிவி மட்டும் சரிந்தால் கதையில் சிக்கல், எழுத்தாளரைக் கூப்பிடுங்கள்.

மணி மாறிய கேஸுக்குச் செய்ய வேண்டியவை:

எபிசோடைத் தாமதிக்காமல் ஏற்றுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சேனலில், டிஆர்பி கெடும் என்று பயந்து எபிசோடை மறுநாள் மாலை வரை செயலிக்குத் தராமல் பூட்டி வைத்திருந்தார்கள். இரவு ஒன்பதரைக்கெல்லாம் அது டெலிகிராமில் வந்துவிடும். யூடியூபிலும் வரும்: படத்தைக் கண்ணாடிபோல இடவலமாகத் திருப்பி, ஓரத்தில் ரோஜாப்பூ ஃபிரேம் போட்டு, குரலைக் கொஞ்சம் கீச்சென்று மாற்றி. கதாநாயகி இடது கையால் தாலி கட்டிக்கொள்வதுபோல் தெரியும். அதையும் பார்த்தார்கள். பூட்டியதால் டிவிக்குத் திரும்பியவர் யாரும் இல்லை. ரோஜாப்பூ ஃபிரேம்காரர்தான் சம்பாதித்தார். ஹாட்ஸ்டார் 2019-இல் விஐபி சந்தாதாரர்களுக்கு டிவிக்கு முன்னாலேயே, காலை ஆறு மணிக்கே ஸ்டார் சீரியல்களைக் கொடுக்க ஆரம்பித்தது. அவசரக்காரர்களிடம் அந்த அவசரத்துக்கே காசு வாங்கிய வழி அது. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. ஒளிபரப்பு முடிந்த நிமிடமே செயலியில் இருந்தால் போதும்.

போனுக்குத் தனி வெட்டு வையுங்கள். அத்தை எங்கெல்லாம் இரண்டு தட்டு தட்டினாரோ அந்த இடங்கள் செயலியின் பதிவில் இருக்கும். டைட்டில் பாட்டு வாரம் ஒருமுறை போதும்.

கடைசியாக வருவதுதான் கஷ்டமானது. நிகழ்ச்சித் தலைவரின் ஊக்கத்தொகை எந்த எண்ணைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது? வியாழக்கிழமை எண்ணை மட்டும் பார்த்து என்றால், அவர் எபிசோடைப் பூட்டத்தான் செய்வார். அவர் இடத்தில் நானும் பூட்டுவேன். டிவி, செயலி, யூடியூப் மூன்றிலும் ஏழு நாளில் ஒரு எபிசோடை மொத்தம் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்ற ஒரே கணக்கைப் போட்டு, அதற்கு ஊக்கத்தொகை என்று மாற்றும்வரை நிறுவனம் மாறாது. விளம்பரம் விற்பவர்களுக்கும் அதே கணக்கைக் கொடுங்கள். டிவி ஸ்பாட் ஒருவர், டிஜிட்டல் இன்னொருவர் என்று ஒரே சோப் கம்பெனி வாசலில் இரண்டு பேர் நின்று ஒருவர் விலையை ஒருவர் உடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: யூடியூபில் வியூஸ் கோடியில், வருமானம் தெருக்கோடியில்

முதலில் கோடியைப் பிரியுங்கள். அதில் ஷார்ட்ஸ் எவ்வளவு? 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று யூடியூப் எண்ணுகிறது. விரல் கடந்துபோனதும் அதில் சேரும். காசுக்கு உதவுவது ஸ்டுடியோவில் தனியாக இருக்கும் எங்கேஜ்டு வியூஸ், அதாவது கடந்துபோகாமல் நின்று பார்த்தவற்றின் எண். முதலாளிக்குக் காட்டும் ஸ்லைடில் எந்த எண் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்கு முறையும் வேறு. நீள வீடியோவில் அந்த வீடியோவில் ஓடிய விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஷார்ட்ஸில் எல்லோருடைய விளம்பரப் பணமும் ஒரு குளத்தில் சேர்ந்து, இசைக்கான பங்கு போக, உங்கள் வியூஸ் அளவுக்குப் பிரித்த தொகையில் 45 சதவீதம். அதே ஒரு லட்சம் வியூஸ் இரண்டு இடத்தில் இரண்டு விலை.

அடுத்து நீளம். வீடியோ எட்டு நிமிடம் இருந்தால்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும். நம் சேனல்கள் சீரியல் காட்சிகளை ஆறரை, ஏழு நிமிடத் துண்டுகளாகப் போடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதற்காக ஏழு நிமிடத்தை ஸ்லோ மோஷனில் எட்டாக இழுக்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு காட்சிகளைச் சேர்த்து பதினைந்து நிமிடமாகப் போடுங்கள். விளம்பரம் எங்கே விழ வேண்டும் என்பதை யூடியூபிடம் விட்டால் "நான் உன் அப்பா இல்ல, உன்…" என்ற இடத்தில் டிடர்ஜென்ட் வரும். காட்சி மாறும் இடத்தில் கையால் வையுங்கள்.

எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதும் விலையை மாற்றும். சிங்கப்பூரிலும் கனடாவிலும் பார்க்கும் தமிழருக்குக் காட்டும் விளம்பரத்தின் விலை உள்ளூர் விலையைவிட அதிகம். ஆனால் பல சேனல்கள் தங்கள் செயலியை வெளிநாட்டில் விற்பதற்காக யூடியூபில் அங்கெல்லாம் வீடியோவைத் தடுத்து வைத்திருக்கின்றன. செயலியில் வெளிநாட்டுச் சந்தா எவ்வளவு வருகிறது என்பதைத் தடுப்பால் போகும் பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் தடுப்பு சரி. பல இடங்களில் யாரோ எப்போதோ டிக் செய்துவிட்டுப் போனது.

ஜனவரியில் வருமானம் விழுந்தால் பதறாதீர்கள். தீபாவளியை ஒட்டி விளம்பர விலை ஏறும், வருஷம் பிறந்ததும் இறங்கும். போன ஜனவரியோடு ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: ஷார்ட்ஸ் ஓடுகிறது, முழு எபிசோடுக்கு ஆள் வரவில்லை

"முழு எபிசோட் லிங்க் கமெண்டில்" என்று போட்டிருக்கிறீர்களா? 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸின் கமெண்டிலும் விவரத்திலும் போடும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. எத்தனையோ பேர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அதற்குப் பதிலாக ஸ்டுடியோவில் 'தொடர்புடைய வீடியோ' என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் முழு எபிசோடைக் கோர்த்துவிடுங்கள்.

கோர்த்தும் வரவில்லையென்றால் துண்டைத் தப்பாக வெட்டியிருக்கிறீர்கள். அறை விழும் காட்சியையே ஷார்ட்ஸாகப் போட்டால் பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, அப்புறம் எதற்கு எபிசோட்? கை ஓங்கும்வரை வெட்டுங்கள். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஷார்ட்ஸ் பார்ப்பவர்களில் பெரும்பகுதி எபிசோடுக்கு வரவே மாட்டார்கள். அவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடைவெளியில் பார்ப்பவர்கள். அவர்களுக்காக அந்த இடைவெளிக்குள் முடியும் ஒன்றைச் செய்தால் அதற்குத் தனி மரியாதை உண்டு. 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம். ஒரு சமையல் குறிப்பு, ஒரு நகைச்சுவைத் துணுக்கு முழுசாக அடங்கும்.

அறிகுறி: தம்ப்நெயிலைத் தொடுகிறார்கள், தங்குவதில்லை

ஸ்டுடியோவில் இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: கண்ணில் பட்டவர்களில் எத்தனை சதவீதம் தொட்டார்கள், தொட்டவர்களில் எத்தனை சதவீதம் முப்பதாவது நொடியில் இருக்கிறார்கள். தொடுவது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதுதான் பாதிச் சேனல்களின் நிலை என்று யூடியூபே சொல்கிறது. 3 என்றதும் டிசைனரைக் கூப்பிட்டுச் சிவப்பு அம்புக்குறி போடச் சொல்லாதீர்கள்.

தொடுவது நன்றாக இருந்து, முப்பது நொடிக்குள் பாதிப் பேர் போய்விட்டால் இரண்டில் ஒன்று. தலைப்பு பொய் சொல்கிறது. அல்லது தொடக்கம் வெட்டி. பொய்த் தலைப்புக்கு மருந்து எளிது. "கதறி அழுத கதாநாயகி, நடந்தது என்ன?" என்பதற்குப் பதிலாக "மண்டபத்துக்கு வந்த மூத்த மருமகள்" என்று, காட்சியில் உண்மையாகவே நடப்பதை எழுதுங்கள். சீரியல் பெயரும் எபிசோட் எண்ணும் பின்னால் வரட்டும். தேடி வருபவருக்கு அது போதும்.

வெட்டித் தொடக்கத்துக்கு ஒரு நேர்முகத்தைச் சொல்கிறேன். எங்கள் டீமில் ஒரு பேட்டி, முப்பது நிமிடம். கிராஃபில் முதல் நாற்பது நொடி மலையிலிருந்து உருட்டிவிட்டதுபோல் இறங்கியிருந்தது. எடுத்துப் பார்த்தோம். சேனல் லோகோ ஐந்து நொடி. ஸ்பான்சர் பெயர் ஏழு நொடி. பேட்டியிலிருந்து பொறுக்கிய ப்ரோமோ இருபது நொடி. பிறகு தொகுப்பாளர், "வணக்கம் நேயர்களே, இன்னைக்கு நம்ம கூட…" விருந்தினர் வாய் திறக்கவே ஒரு நிமிடம். டிவியில் இதெல்லாம் தேவைதான். அடுப்படியிலிருந்து ஆள் வந்து உட்கார நேரம் வேண்டும். போனில் தாமதமாக வருபவர் என்று யாருமே இல்லை. அவர் வந்த நொடியில்தான் நிகழ்ச்சி தொடங்குகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விருந்தினரின் முதல் பதிலிலிருந்தே தொடங்கினோம். ஸ்பான்சர் பெயரை மூலையில் எழுத்தாக வைத்தோம். ஸ்பான்சர் முதலில் கோபப்பட்டார். எத்தனை பேர் கண்ணில் அவர் பெயர் இப்போது படுகிறது என்று கிராஃபைக் காட்டியதும் அடங்கினார்.

அறிகுறி: யூடியூப் பார்க்கும் நேரத்தில் டிவி திரையின் பங்கு ஏறுகிறது

இது நோயல்ல. ஆனால் கவனிக்காவிட்டால் நோயாகும். அமெரிக்காவில் பார்க்கும் நேரக் கணக்கில் போனை டிவி திரை தாண்டிவிட்டது என்று 2025 பிப்ரவரியில் யூடியூப் தலைவர் நீல் மோகன் சொன்னார். அதே ஆண்டு மே மாதம், பார்வையாளரை எண்ணும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கில், அங்கே டிவி பெட்டியில் பார்த்த நேரத்தில் 44.8 சதவீதம் ஸ்ட்ரீமிங். சாதாரண ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்து அதைவிடக் குறைவு. நம் ஊரின் வேகம் வேறு. ஆனால் திசை என்ன என்று பார்க்க, யூடியூப் பொத்தானோடு வரும் புது ரிமோட்டுகளைப் பாருங்கள்.

போனுக்கென்று வெட்டியதையே டிவிக்கும் அனுப்பினால் என்ன ஆகும்? நிமிர்ந்த படம் நடுவில் ஒரு கீற்றாக நிற்கும். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்ததைத் தேட வேண்டும். ரிமோட்டில் தேடுவது அம்மியில் அரைப்பதுபோல. சோபாவில் சாய்ந்தவருக்கு ஒன்று முடிந்து அடுத்தது தானாக வர வேண்டும். ஒரு வார எபிசோடுகளைச் சேர்த்து ஞாயிறு காலை ஒரே நீளமாகப் போடுங்கள். பிளேலிஸ்டை எபிசோட் வரிசையில் வையுங்கள். பல சேனல்களில் அது புதியது மேலே என்று தலைகீழாகக் கிடக்கிறது: கல்யாணம் முடிந்து பெண் பார்க்க வருகிறார்கள். ஒலி அளவைச் சமமாக்குங்கள். இரவு பத்து மணிக்குப் பின்னணி இசை அலறினால் குழந்தை எழுந்துவிடும், அத்தோடு உங்கள் சேனல் முடிந்தது.

எந்தத் திரையில் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் க்விபி என்று ஒன்று வந்தது. பத்து நிமிடத்துக்குள் முடியும் நிகழ்ச்சிகள், போனில் மட்டும். 175 கோடி டாலர் முதலீடு. தொடங்கியபோது டிவியில் பார்க்க வழியே இல்லை. ஊரடங்கில் எல்லோரும் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த நேரம் அது. அந்த டிசம்பரில் மூடிவிட்டார்கள்.

அறிகுறி: மழை நாளில் மட்டும் நேரலைக்குக் கூட்டம் (செய்திச் சேனல்)

இயல்புதான். சரிசெய்ய வேண்டியது மறுநாளை. செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு நீர் திறந்தார்கள் என்று பார்க்க வந்த கூட்டம், மழை நின்றதும் போகும். போகும் முன் அவர்கள் பகுதியின் சாலை, பள்ளி விடுமுறை, நிவாரணம் என்று தனித்தனிச் சிறு வீடியோக்கள் கையில் கிடைத்தால் கொஞ்சம் பேர் தங்குவார்கள். 2020 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை செய்திச் சேனல்களுக்கு பார்க் ரேட்டிங்கே வரவில்லை. அப்போது நேரலை எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் இன்னும் அதன் உச்சத்தை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுகிறார்கள். உச்சத்தை விட்டுவிட்டு, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம் எத்தனை பேர் என்று பாருங்கள்.

அறிகுறி: பழைய நிகழ்ச்சியைப் போட்டால் கிளெய்ம் விழுகிறது

பெட்டகத்தில் இருபது வருஷச் சரக்கு இருக்கிறது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பீட்டாகேம் டேப்பை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், சிலவற்றில் பூஞ்சை, சிலவற்றில் மேலே எழுதிய தலைப்பு ஒன்று, உள்ளே இருப்பது வேறு. சரியாக இருப்பதை ஏற்றினால் பத்து நிமிடத்தில் கன்டென்ட் ஐடி கிளெய்ம்: பிறர் உரிமையுள்ள ஒலியோ படமோ இருக்கிறதா என்று யூடியூப் தானாகப் பொருத்திப் பார்த்து, உரிமைக்காரர் பெயரில் போடும் கோரிக்கை. காரணம் பெரும்பாலும் இசை. அந்தக் காலத்து நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒருவர் வழுக்கி விழுந்தால் சினிமாப் பாட்டின் இரண்டு வரி போடுவோம். அந்த இரண்டு வரியால் மொத்த வீடியோவின் பணமும் இசை நிறுவனத்துக்குப் போகலாம். அந்த இடத்தில் மட்டும் ஒலியை எடுத்து வேறு இசை போடுங்கள். யூடியூப் ஸ்டுடியோவிலேயே அதற்கு வழி உண்டு.

இசை அல்லாத கிளெய்ம் என்றால் ஒப்பந்தத்தை எடுங்கள். பழைய ஒப்பந்தங்களில் "சாட்டிலைட் உரிமை" என்று மட்டும் இருக்கும். இணையம் யாருக்கு என்று எழுதியிருக்காது. ஒரு காலத்தில் தயாரிப்பாளர்கள் சேனலுக்கு டெலிகாஸ்ட் கட்டணம் கட்டி ஸ்லாட் வாங்கி, விளம்பரத்தை அவர்களே விற்று, தொடரின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார்கள். ராடான், விகடன் டெலிவிஸ்டாஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய தொடர்களை யூடியூபில் போட்டு இன்றும் பார்வையாளர் சேர்ப்பது அதனால்தான். இன்று புதுத் தொடருக்கு ஒப்பந்தம் எழுதுபவர்கள், டிவி, செயலி, யூடியூப், துண்டு வெட்டு, மொழிமாற்றம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அறிகுறி: செயலியை இறக்குகிறார்கள், சந்தா கட்டியவர்கள் தங்குவதில்லை

இரண்டு கூட்டத்தைப் பிரியுங்கள். வேண்டாம் என்று நிறுத்தியவர்கள் ஒன்று. நிறுத்தாமலேயே நின்றுபோனவர்கள் இன்னொன்று. இரண்டாவது கூட்டம் எப்போதும் நாம் நினைப்பதைவிடப் பெரிது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கப் பார்வையாளர் தனியாக ஒப்புதல் தந்திருக்க வேண்டும். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அவருக்குச் செய்தியும் போக வேண்டும். கார்டு மாறினால், கணக்கில் அன்றைக்கு நாற்பது ரூபாய் குறைந்தால், சந்தா அறுந்துவிடும். மறுபடி கட்டச் சொல்லிச் செயலி தமிழில் கேட்கிறதா என்று பாருங்கள். யுபிஐ ஆட்டோபே முதல் தேர்வாக இருக்கட்டும்.

விலை அதிகமோ என்ற சந்தேகம் நியாயம்தான். நெட்ஃபிளிக்ஸே 2021 டிசம்பரில் மொபைல் திட்டத்தை 199 ரூபாயிலிருந்து 149 ஆகக் குறைத்தது. ஆனால் விலையைத் தொடும் முன் நுழைவாசலை நீங்களே ஒருமுறை கடந்து பாருங்கள். அலுவலக வைஃபையில், உங்கள் புது ஐபோனில் வேண்டாம். மூன்று வருஷப் பழைய ஆண்ட்ராய்டில், இடம் நிரம்பிய போனில்.

போன மாதம் அத்தை கூப்பிட்டார். பெங்களூரில் இருக்கும் மகன் அவருக்குச் சந்தா கட்டிக்கொடுத்திருக்கிறான், அவன் நம்பரில். செயலி புதுப்பிப்பு வந்ததும் அது அவரை வெளியே தள்ளிவிட்டது. உள்ளே வர ஓடிபி. ஓடிபி போவது மகனுக்கு. அவன் மீட்டிங்கில் இருந்தால் அத்தைக்கு அன்றைக்குச் சீரியல் இல்லை. மூன்று நாள் அப்படிப் போயிருக்கிறது. நான்காவது நாள் ரோஜாப்பூ ஃபிரேமில் பார்த்திருக்கிறார்.

புதுப்பிப்பின்போது யாரையும் வெளியேற்றக் கூடாது. ஒரு சந்தாவில் இரண்டாவது போன் நம்பரைச் சேர்க்க இடம் கொடுங்கள். இந்த இரண்டையும் அடுத்த வெளியீட்டில் சேர்க்க வேண்டும் என்று அன்றே டெக் டீமுக்கு எழுதிவிட்டு, அத்தைக்கு போன் போட்டு எபிசோட் கதையை அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டேன்.